கத்திரி முடிந்துவிட்டது, வெயில் எப்போது முடியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே 28 வந்துவிட்டால் எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். "கத்திரிதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் ஏன் இப்படிக் கொளுத்துது?" என்று சென்னையிலிருந்து சித்தப்பா கேட்பார். அதே நாளில் கோவையிலிருந்து அக்கா, "இங்க ராத்திரி போர்வை தேட வேண்டியிருக்கு" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். மொட்டைமாடியில் ஒரு வெப்பமானியும், மூங்கில் கழியில் கட்டிய ஒரு துணிக்கொடியும் வைத்துப் பல ஆண்டுகளாகக் குறித்துவருகிறேன். அந்தப் பழக்கத்தால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வெப்பநிலைகள் எல்லாம் செல்சியஸ் கணக்கு.

கத்திரி முடிந்தால் வெயில் குறையும் என்பது உண்மையா?

கத்திரி என்பது பஞ்சாங்கக் கணக்கு. சூரியன் பரணியின் மூன்றாம் பாதத்தில் நுழைந்து, கார்த்திகை முழுவதையும் கடந்து, ரோகிணியின் முதல் பாதத்தை விட்டு வெளியேறும் வரையுள்ள காலம் அது. பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை விழும். கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி என்பதால் அக்னி நட்சத்திரம் என்று பெயர். வானிலைத் துறையின் கணக்கில் இதற்கு இடமில்லை. மார்ச் முதல் மே வரை கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம் என்று அவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள்.

சென்னையில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பநிலை 45 டிகிரி. அது பதிவான நாள் 2003 மே 31. கத்திரி விடைபெற்று மூன்று நாள் ஆகியிருந்தது. 2025-இல் நடந்ததோ நேர்மாறு. மே 24 அன்றே கேரளத்தில் பருவமழை இறங்கிவிட்டது, உடனே நீலகிரிக்கும் கோவைக்கும் சிவப்பு எச்சரிக்கை விடுத்தார்கள். கத்திரி முடிய அப்போது இன்னும் சில நாட்கள் இருந்தன.

இதனால் பஞ்சாங்கம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மே மாதம் நமக்குக் கடுமையான மாதம் என்ற அனுபவ உண்மை அதில் இருக்கிறது. ஆனால் நட்சத்திரக் கணக்கு ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட ஏறக்குறைய இருபது நிமிடம் நீளமானது. அதனால் எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவத்திலிருந்து அது நழுவிக்கொண்டே வருகிறது. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இதே நட்சத்திர நிலை மூன்றரை வாரம் முன்னதாகவே வந்திருக்கும். சூரியன் தமிழ்நாட்டின் உச்சியைக் கடக்கும் நாட்கள் அவை. இப்போதும் கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் சென்னையில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் நடுப்பகலில் நம் நிழல் காலடியில் மறைகிறது.

சூரியன் ஏப்ரலிலேயே உச்சியைக் கடந்துவிடுகிறது என்றால், சென்னையில் மே கடைசியில் ஏன் வெயில் உச்சம்?

காற்றினால். ஏப்ரலில் சென்னைக்கு வருவது பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குக் காற்று. கடலைத் தொட்டு வருவதால் பிசுபிசுப்பாக இருந்தாலும் வெப்பத்தை ஒரு கட்டுக்குள் வைத்திருக்கும். மே நடுவிலிருந்து மேற்குக் காற்று வலுக்கிறது. சூடேறிக் கிடக்கும் தரையின் மேல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து அது வருகிறது. சூரியன் அதே சூரியன்தான், வந்து சேரும் காற்று வேறு. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல வருவது இதுதான்: நம் ஊரில் வெயில் எப்போது தணியும் என்று தெரிய வேண்டுமானால் தேதியைப் பார்ப்பதைவிடக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது மேல்.

சரி, வெயில் எந்த ஊரை விட்டு முதலில் போகும்?

மேற்கிலிருந்து கிழக்காகப் போகும். கன்னியாகுமரி, தென்காசி, தேனியின் மலையோரம், கோவை, நீலகிரி முதலில். அடுத்து திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம். கடைசியில்தான் வேலூர், திருவண்ணாமலை, டெல்டா, கடற்கரை மாவட்டங்கள்.

கோவைக்கு உச்ச வெப்பம் மார்ச், ஏப்ரலிலேயே முடிந்துவிடும். அப்போது பகல் வெப்பம் சராசரியாக 36-ஐ ஒட்டி இருக்கும், ஜூனில் 32-ஐ ஒட்டி இறங்கிவிடும். சென்னையில் மே மாதச் சராசரியும் ஜூன் மாதச் சராசரியும் 37-ஐ ஒட்டியே நிற்கின்றன. ஒரே மாநிலத்தில் ஒரே மாதத்தில் ஐந்து டிகிரி வேறுபாடு. "தமிழகத்தில் வெயில் குறைகிறது" என்று பொதுவாகச் செய்தி போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. யாருக்குக் குறைகிறது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரே மேற்குக் காற்று கோவைக்குக் குளிர்ச்சியையும் சென்னைக்கு அனலையும் எப்படித் தருகிறது?

அரபிக் கடலிலிருந்து கிளம்பும் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமந்துவந்த ஈரத்தைக் கேரளத்திலும் மலைமுகட்டிலும் கொட்டிவிடுகிறது. கிழக்குச் சரிவில் இறங்கும் காற்றிடம் ஈரம் குறைவு. அப்படி இறங்கும் வறண்ட காற்று கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் சூடேறும். இது இயற்பியல் விதி, தப்பவே முடியாது. மலைக்குக் கிழக்கே இருக்கும் சமவெளி முழுவதும் மழைமறைவுப் பகுதியாக இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் மலை முழுச் சுவர் அல்ல, அதில் வாசல்கள் இருக்கின்றன. பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் அகலம். அதன் வழியே வரும் காற்று மலையேறி இறங்க வேண்டியதில்லை, அதனால் ஈரத்தோடும் குளிர்ச்சியோடும் நேரே கோவைக்குள் நுழைகிறது. தெற்கே செங்கோட்டைக் கணவாய், அதற்கும் தெற்கே ஆரல்வாய்மொழி. காற்றாலைகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள்: பல்லடம், உடுமலை, கயத்தாறு, முப்பந்தல். எல்லாம் இந்த வாசல்களுக்கு எதிரில்தான்.

இந்த வேறுபாட்டை ஒரே பயணத்தில் உணர வேண்டுமானால் ஜூன் நடுவில் திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் பேருந்தில் போங்கள். அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. நெல்லையில் ஏறும்போது இருக்கை சுடும். ஆலங்குளம் தாண்டியதும் காற்றின் மணம் மாறும். தென்காசியில் இறங்கும்போது சாரல் முகத்தில் விழும். எனக்கு வானிலையின் மேல் ஆசை வந்ததே அந்தப் பேருந்தின் ஜன்னலோரத்தில்தான்.

அப்படியானால் சென்னை, கடலூர், நாகப்பட்டினத்துக்கு விடிவு எப்போது?

இங்கே ஒவ்வொரு நாளும் ஒரு போட்டி நடக்கிறது. காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும். தரை சூடேறச் சூடேற, கடலிலிருந்து குளிர்காற்று உள்ளே வரப் பார்க்கும். கடற்காற்று பன்னிரண்டு மணிக்குள் நுழைந்துவிட்டால் வெப்பம் 36, 37 டிகிரியோடு நிற்கும். மேற்குக் காற்று வலுவாக இருந்து அதை வாசலிலேயே நிறுத்திவைத்தால், இரண்டு மணி, மூன்று மணி வரை வெப்பம் ஏறிக்கொண்டே போகும். அன்றுதான் 40, 41. சில நாள் கடற்காற்று நுங்கம்பாக்கம் வரை வந்து மீனம்பாக்கத்தை எட்டாமலே நின்றுவிடும். இந்த இரண்டு இடங்களின் வானிலை நிலையங்களுக்கும் இடையே இரண்டு டிகிரி வேறுபாடு வருவது இதனால்தான்.

ஜூன் முதல் இரண்டு மூன்று வாரம் இந்தப் போட்டியில் கடற்காற்று அடிக்கடி தோற்கும். எனவே சென்னைக்காரர்களுக்கு நான் சொல்வது: ஜூன் 20 வரை 40 டிகிரி நாட்கள் வரலாம் என்றே திட்டமிடுங்கள். அதற்குப் பிறகு விடிவு மாலை மழையாக வரும். ஆந்திரத்தின் தென்பகுதி, வேலூர், ராணிப்பேட்டை, திருவள்ளூர் பக்கம் பிற்பகலில் இடிமேகங்கள் திரண்டு, மேற்குக் காற்றோடு கிழக்கே நகர்ந்து, இரவு எட்டு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே நகரத்தில் கொட்டும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இது அடிக்கடி நடக்கும். சென்னைக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆண்டுக்குக் கிடைக்கும் ஏறக்குறைய 140 செ.மீ. மழையில் நாற்பது செ.மீ.க்கும் மேல் இந்த மாலை மழைகளே தருகின்றன.

எதிர்பாராத ஆண்டுகளும் உண்டு. 2023 ஜூன் 18 இரவு தொடங்கிய மழையில் மறுநாள் காலைக்குள் மீனம்பாக்கத்தில் ஏறக்குறைய 16 செ.மீ. பதிவானது. ஜூன் மாதத்தில் மழைக்காகப் பள்ளி விடுமுறை விட வேண்டிய நிலை. 1996 ஜூனில் பெய்ததை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் அன்று அதையேதான் பேசினார்கள்.

மதுரை, திருச்சி, கரூர்?

இவர்களுக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும். கடற்காற்றும் எட்டாது, கணவாய்க் காற்றும் முழுதாக எட்டாது. மதுரையில் ஜூலை, ஆகஸ்டிலும் 40-ஐத் தொடும் நாட்கள் உண்டு. பருவமழை கேரளத்தில் ஓய்வெடுக்கும் நாட்களில் இங்கே மாலை இடிமழை கிடைக்கும். கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் நாட்களில் இங்கே பலத்த வறண்ட காற்று மட்டும் வீசும். அங்கே வெள்ளம், இங்கே வானம் பளிச்சென்று. முதல்முறை கேட்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது என்றால் நமக்கும் மழைதானே?

குமரி, மேற்கு மலையோரம், நீலகிரி, வால்பாறை ஆகிய இடங்களுக்கு ஆம். மற்றவர்களுக்கு அது காற்று மாறிவிட்டது என்ற செய்தி மட்டும்.

கேரளத்தில் தொடங்குவதற்கான இயல்பான நாள் ஜூன் 1. 2023-இல் ஜூன் 8 வரை காக்க வைத்தது. 2024-இல் மே 30. 2025-இல் மே 24. நாலு இடத்தில் மழை பெய்தாலே பருவமழை என்று அறிவித்துவிட மாட்டார்கள். குறித்து வைத்த 14 நிலையங்களில் அறுபது விழுக்காட்டில் தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் பெய்ய வேண்டும். மேற்குக் காற்றின் ஆழமும் வேகமும், மேகத்தின் திரட்சியும் கூடவே பொருந்த வேண்டும்.

தமிழ்நாட்டின் சராசரிக் கணக்கில் தென்மேற்குப் பருவம் தருவது ஏறக்குறைய 33 செ.மீ., வடகிழக்குப் பருவம் தருவது 44 செ.மீ. இந்த 33-உம் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த ஒரே நாளில் நீலகிரியின் அவலாஞ்சியில் 82 செ.மீ. பெய்தது. அதே வாரத்தில் ராமநாதபுரத்துக் கண்மாய்கள் காய்ந்து கிடந்திருக்கும் என்றால் அதில் முரண் இல்லை, அவர்களின் மழைக்காலம் வேறு.

ஆனால் நம் தலையில் பெய்யாத மழையும் நமக்கு உதவுகிறது. குடகில் பெய்வது காவிரியில் வருகிறது. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. நீர் இருப்பைப் பொறுத்துச் சில ஆண்டுகளில் தேதி தள்ளிப்போகும். டெல்டாவில் குறுவை நடுபவர் பார்ப்பது தன் ஊர் வானத்தை அல்ல, குடகு வானத்தை.

கோடை மழை ஒரே மாலையில் குளிர்வித்துவிடுகிறது. மூன்றாம் நாள் மறுபடி கொளுத்துகிறதே?

இடிமேகத்திலிருந்து விழும் மழைத்துளிகள் வழியிலேயே ஓரளவு ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும். குளிர்ந்த காற்று கனமானது, கீழே விழுந்து நாலாபக்கமும் பரவும். மழைக்கு முன் வரும் அந்தச் சில்லென்ற காற்று அதுதான். கால் மணி நேரத்தில் பத்து டிகிரி இறங்குவதை என் வெப்பமானியில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அது தற்காலிகம். மண்ணில் ஈரம் இருக்கும்வரை வெயிலின் ஒரு பங்கு அந்த ஈரத்தை உலர்த்துவதில் செலவாகும். ஈரம் தீர்ந்ததும் முழு வெயிலும் தரையைச் சுடுவதற்கே போகும். ஒருநாள் மழைக்கு இரண்டு நாள் நிம்மதி, அவ்வளவுதான்.

மழை தொடர்ந்து பெய்தால் கதை வேறு. 2024-ஐ நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் இறுதியில் ஊட்டியிலேயே 29 டிகிரி. மே முதல் வாரத்தில் கரூர் பரமத்தியில் 44-ஐத் தாண்டியது. மே நடுவில் கோடை மழை பல நாள் அடுத்தடுத்துப் பெய்தது. அதன்பின் கத்திரியின் மிச்ச நாட்கள் பலருக்கும் நினைவில் நிற்காத அளவுக்குச் சாதுவாகக் கழிந்தன.

வங்கக் கடலில் புயல் வந்தால் குளிருமா?

அது எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. நம் கரையை நோக்கி வந்தால் மேகமும் மழையும் குளிர்ச்சியும். ஒடிசாவுக்கோ வங்கதேசத்துக்கோ மியன்மாருக்கோ ஒதுங்கிப் போனால், போகிற போக்கில் நம் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு, நிலத்தின் வறண்ட மேற்குக் காற்றைக் கடற்கரைவரை இழுத்துவிடும். மே மாதப் புயல்களில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. தொலைக்காட்சியில் "புயல் உருவாகிறது" என்றதும் மகிழ வேண்டாம். வடக்கே நகரும் என்று சொன்னால் அடுத்த மூன்று நான்கு நாள் கூடுதல் வெயிலுக்குத் தயாராகுங்கள்.

வானிலை அறிக்கையின் மொழி புரியவில்லை. "ஓரிரு இடங்களில்", "படிப்படியாக", "இயல்பை ஒட்டி" என்றால் என்ன?

இது நியாயமான குறை. அந்தச் சொற்களுக்குப் பின்னால் துல்லியமான அளவுகள் இருக்கின்றன, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

"ஓரிரு இடங்களில் மழை" என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை மட்டும் மழை பதிவாகலாம் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் பாதி வரை. அதாவது ஓரிரு இடங்களில் மழை என்று சொல்லி உங்கள் தெருவில் பெய்யாவிட்டால் கணிப்பு பொய்த்துவிட்டது என்று ஆகாது. பெய்யாமல் போகவே வாய்ப்பு அதிகம் என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. அதற்கு மேல் 204.4 வரை "மிக கனமழை". அதையும் தாண்டினால் "அதி கனமழை". இந்த 24 மணி நேரம் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடியும். நேற்று மாலை பெய்தது இன்றைய கணக்கில் வருவது அதனால்தான்.

"வெப்பநிலை 2 முதல் 3 டிகிரி படிப்படியாகக் குறையக்கூடும்" என்பது ஒரே நாளில் குறைவதல்ல. அறிக்கை சொல்லும் அடுத்த சில நாட்களுக்குள் மொத்தமாக அவ்வளவு குறையும். 41-இல் இருப்பவருக்கு அது 38 அல்லது 39. அதைக் குளிர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "இயல்பை ஒட்டி" என்பதும் அப்படியே. வேலூரின் ஜூன் மாத இயல்பே சுடும்.

"வெப்பச்சலனம்" என்றால் தரை சூடாகிக் காற்று மேலெழுந்து அன்றன்றைக்கு உருவாகும் இடிமழை. அதன் இடத்தைக் காலையிலேயே சொல்ல எவராலும் முடியாது. பிற்பகலில் வானிலைத் துறையின் ராடார் படத்தைப் பார்ப்பதே வழி. பத்து நாளுக்கு முன்பே "உங்கள் பகுதியில் மாலை 5 மணிக்கு மழை" என்று கைபேசிச் செயலி சொன்னால் நம்பாதீர்கள்.

வெப்ப அலை என்று எப்போது அறிவிப்பார்கள்?

சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40-ஐத் தொட்டு, அத்துடன் அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். கடற்கரைக்கு அடிப்படை 37. இயல்பு எதுவாக இருந்தாலும் 45-ஐத் தொட்டால் வெப்ப அலைதான். குறைந்தது இரண்டு நிலையங்களில், இரண்டு நாள் தொடர்ந்து இப்படி இருந்தால், இரண்டாம் நாள் அறிவிப்பார்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்த அளவுகோலில் ஈரப்பதம் இல்லை. 38 டிகிரியும் கனத்த புழுக்கமும் சேர்ந்த நாள், சாலையில் தார் ஊற்றும் தொழிலாளியின் உடலுக்கு வறண்ட 42-ஐவிடக் கொடுமையானது. அது வெப்ப அலைக் கணக்கில் வராது. தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது நல்ல அடி. புழுக்கத்தையும் எண்ணும் அளவுகோல் அடுத்து வர வேண்டும்.

வெயில் குறைந்ததும் நீர்மோரையும் குடையையும் மறந்துவிடலாமா?

கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் அம்மா மயங்கி விழுந்தது வெயில் உச்சத்தில் இருந்த நாளில் அல்ல. முந்தின இரவு நல்ல மழை. "வெயில் விட்டுருச்சு" என்று அன்று காலை பத்து மணிக்கு வற்றல் காயப்போட மாடிக்குப் போனார். வெப்பமானி காட்டியது 35தான். ஆனால் ஈரமண்ணிலிருந்து எழுந்த ஆவியில் வியர்வை உலரவே இல்லை. நம் உடல் குளிர்வது வியர்வை வழிவதால் அல்ல, அது ஆவியாவதால். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். மழைக்கு மறுநாள் முற்பகல் என்றாலே இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் கவனமாக இருப்போம்.

தாகம் எடுக்கக் காத்திராமல் குடியுங்கள். நீர்மோர், கம்பங்கூழ், இளநீர், நுங்கு எல்லாம் நல்லவை. வாந்தி, தளர்ச்சி இருந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் முழுதாகக் கலக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து போடுங்கள். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

ஒருவர் உடல் அனலாகக் கொதிக்க, பேச்சு குழறி, சொன்னது புரியாமல் விழித்தால் அது 'ஹீட் ஸ்ட்ரோக்' எனப்படும் வெப்பத் தாக்கு. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மருத்துவ ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் 104.

பகல் வெயில் குறைந்தும் இரவில் தூங்க முடியவில்லையே?

கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் வீட்டுக்குள் விடுகிறது. கடற்கரையில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்வதால் ஜூன் இரவுகள் 28, 29-க்குக் கீழே இறங்க மறுக்கும். ஓட்டு வீட்டில் இருந்தவர்கள் இந்த அவதியை இவ்வளவு அறிந்ததில்லை. தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது செலவு குறைந்த உதவி. நான் அடித்த ஆண்டிலேயே வேறுபாடு தெரிந்தது.

கோடை இடிமழையில் எதற்கு அஞ்ச வேண்டும்?

மின்னலுக்கு. மின்னலைக் கண்டு முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் ஆபத்து அருகில் இருக்கிறது. வயலிலிருந்து உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடிக்குப் பின் அரை மணி வெளியே வராதீர்கள். மரத்தடி ஒதுக்கிடம் அல்ல, மாட்டையும் அங்கே கட்டக் கூடாது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் 'தாமினி' செயலி அருகில் விழும் மின்னலைச் சொல்லும், கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சூறைக்காற்று. தேனி, ஈரோடு, திருச்சிப் பக்கத்து வாழைக்காரர்களுக்கு இது தெரியும். குலை தள்ளிய மரம் பத்து நிமிடக் காற்றில் முறிந்து, பத்து மாத உழைப்பு மண்ணில் சாய்ந்துவிடும். முட்டுக் கொடுக்கும் வேலையைச் சித்திரைக்குள் முடித்துவிடுவது நல்லது. காற்றுச் சேதத்துக்குக் காப்பீடு பொருந்துமா என்பதையும் நடும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மழையிலேயே விதைக்கலாமா?

முதல் மழை உழவுக்கு. சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சும்மா சொல்லவில்லை. கோடை உழவு மழைநீரை உள்ளே இறக்கும், மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டிக்கொடுக்கும். மானாவாரி விதைப்பை ஒரே ஒரு கோடை மழையை நம்பி இறக்கினால், அடுத்த இரண்டு வார மேற்குக் காற்றில் முளை கருகிவிடும். ஆடிப்பட்டம் வரை பொறுப்பவர்களுக்கு இழப்பு குறைவு. ஊர் வேளாண்மை அலுவலரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள், மண்ணுக்கு மண் கணக்கு மாறும்.

குற்றாலத்துக்கு எப்போது போகலாம்?

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. கேரளத்தில் மழை வலுத்த மூன்றாம் நாள் அருவிகள் நிறையும். சிவப்பு எச்சரிக்கை இருக்கும் நாளில் போகாதீர்கள், குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். தடை இல்லாவிட்டாலும் அருவி நீர் திடீரென்று கலங்கினால் குழந்தைகளை இழுத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள்.

செயலியும் கருவியும் இல்லாமல் நானே கணிக்க வழி உண்டா?

உண்டு. முற்பகல் பதினொரு மணிக்கு வெளியே வந்து கோயில் கொடியையோ, தென்னை ஓலையையோ, டீக்கடைப் புகையையோ பாருங்கள். கடற்கரை மாவட்டமாக இருந்து, அந்த நேரத்துக்கு அவை கடலை நோக்கிச் சாய்ந்தால் மேற்குக் காற்று இன்னும் வலுவாக இருக்கிறது. வெளிவேலையை நான்கு மணிக்குத் தள்ளிவையுங்கள். நிலத்தை நோக்கிச் சாய்ந்தால் கடற்காற்று வந்துவிட்டது, அன்றைய உச்சம் முடிந்தது. கொடி அசையாமல் தொங்கி, மேற்கே காலிஃபிளவர் போல வெள்ளை மேகம் எழும்பத் தொடங்கியிருந்தால் காயப்போட்ட துணியை மூன்று மணிக்குள் எடுத்துவிடுங்கள்.